நோங்சாயின் தலைச்சுழி

மனித நாகரிகம் ஆற்றங்கரைகளில் பிறந்தது என்று பாடநூல்கள் சொல்கின்றன. அதை எழுதிய அறிஞர்கள் நோங்சாய் மாகாண அலுவலகத்தின் மூன்றாவது மாடிக்கு ஒருமுறைகூட ஏறியதில்லை என்பது அதிலிருந்தே தெரிகிறது. ஏறியிருந்தால், நாகரிகம் பிறந்தது குளிரூட்டிய அறையில், நீள மேசையைச் சுற்றி, ஆளுக்கொரு தண்ணீர்க் குப்பியும் இரண்டு பிஸ்கட்டும் வைத்து நடந்த 'மாகாண வாசகச் செம்மைப்படுத்தல் குழு'வின் பதினோராவது கூட்டத்தில்தான் என்று திருத்தி எழுதியிருப்பார்கள்.

திருத்துவதற்கு வெளியூர் ஆள் தேவையில்லை. பண்பாட்டு அலுவலகத்தின் மொழி அலுவலர் சம்னியன் அம்மாள் இருந்தார். இருபத்தொன்பது வருடமாக மாகாணத்திலிருந்து வெளியே போன எந்தச் சுற்றறிக்கையும் அவருடைய சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் போயிருக்கிறது. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட, போவதற்கு முன் திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் போவார். அவர் கணவர் காதலித்த காலத்தில் எழுதிய முதல் கடிதத்தில் நான்கு பிழைகள் இருந்தன. சம்னியன் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். மனிதர் பிழையில்லாத பிரதி ஒன்றை அனுப்பிக் கைப்பிடித்தார். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம்தான் இருந்தது. அதுவரை தன் பெயரில் ஒரு பிழைகூட ஏறாமல் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் அந்த அம்மாளின் ஒரே ஆசை. பார்க்கப்போனால் அவருக்கிருந்த ஒரே கர்வமும் அதுதான்.

தாய்லாந்தில் வாசகம் இல்லாத மாகாணம் கிடையாது. என்னென்ன இருக்கிறது என்று எதுகையோடு அடுக்கிச் சொல்ல வேண்டும், பள்ளிப் பிள்ளைகள் காலையில் ஒப்பிக்க வேண்டும். நோங்சாயின் வாசகம் நாற்பது வருடமாக இதுதான்: 'சாய்ந்த கோபுரம், காய்ந்த மீன், வளைந்த ஆறு.' கோபுரம் நில அதிர்வில் சாய்ந்ததாக வழிகாட்டி நூல் கூறுகிறது. அந்த நூலை அச்சிட்டவர் கோபுரத்தைப் புதுப்பித்தவரின் மகன் என்பதால் தகவலைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

இந்த நிலையில்தான் ஆளுநர் கம்போன் மாற்றலாகி வந்தார். நோங்சாய்க்கு வரும் ஆளுநர்கள் இரண்டு வருடத்தில் பழுத்து, கடற்கரையுள்ள பெரிய மாகாணமாகப் பார்த்து விழுவது வழக்கம். அதற்கு இவருக்குத் தேவைப்பட்டது தலைநகரிலிருந்து கொடுக்கும் 'தூய்மை மாகாணம்' என்ற விருது. மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று தெரிந்த அன்றே வாசகத்தில் குறை கண்டுபிடித்துவிட்டார்.

"கோபுரம் இருக்கு, மீன் இருக்கு, ஆறு இருக்கு. சரி, மனுஷன் எங்கய்யா?" என்று கூட்டத்தில் கேட்டார்.

மனிதனைச் சேர்ப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. எதைச் சொல்லிச் சேர்ப்பது என்பதில்தான் பத்துக் கூட்டங்கள் போயின. 'புன்னகை' பக்கத்து மாகாணத்துக்குப் போய்விட்டது. 'விருந்தோம்பல்' போட்டால் விருந்தினர்கள் வந்துவிடுவார்கள் என்று நிதிப்பிரிவு அஞ்சியது. 'உழைப்பு' என்று ஒருவர் சொன்னபோது குழுவே ஒரு கணம் யோசித்து, வரலாற்று ஆதாரம் போதாது என்று குறிப்பெழுதியது. பதினோராவது கூட்டத்தில் ஆளுநரே எழுந்து திருவாய் மலர்ந்தார்: "ஊழலுக்குத் தொலைவு."

துணை ஆளுநர் விசிட் முதலில் கைதட்டினார். அவருக்குப் பெயரே விசிட். அலுவலகத்துக்கு வருவதும் அப்படித்தான். ஆனால் கைதட்ட வேண்டிய நாளில் தவறாமல் வந்துவிடுவார். அந்த மொழியில் வளைவுக்குரிய சொல்லும் ஊழலுக்குரிய சொல்லும் எதுகையில் அழகாகப் பொருந்தும். ஆறு வளைகிற இடத்தில் ஊழல் வந்து உட்கார்ந்தது கேட்பதற்குச் சுகமாகவே இருந்தது.

சம்னியன் அம்மாள் மட்டும் கைதட்டவில்லை. காரணம் 'தொலைவு'. அதற்குத் தாய்லாந்து மொழியில் 'க்ளாய்' என்று பெயர். குரலை ஏற்றாமல் இறக்காமல் நேராகச் சொன்னால் தொலைவு. அதே 'க்ளாய்' என்பதை மேலிருந்து கீழே சரித்துச் சொன்னால் அருகு. எழுத்திலும் வேறுபாடு உண்டு. தொலைவுக்கு முதலில் நிற்கும் எழுத்தின் தலையில் கொக்கி இருக்கும். அருகுக்குத் தலையில் சுழி இருக்கும், அதோடு உச்சியில் காதில் பூ வைத்த மாதிரி ஒரு சிறு குறியும் இருக்கும். சுழி போட்டு எழுத வேண்டிய சொற்கள் மொத்தமே இருபதுதான். அந்த இருபதையும் ஒப்பிக்காத பிள்ளையை எந்தப் பள்ளியிலும் மேல் வகுப்புக்கு அனுப்புவதில்லை. துணை ஆளுநர் ஆவதற்கு அது அவசியமில்லை.

"ஐயா, இந்தச் சொல் வேண்டாமே," என்றார் சம்னியன். "ஒலிபெருக்கியில யாராவது குரலைக் கொஞ்சம் இறக்கிட்டாங்கன்னா பொருள் தலைகீழாயிடும்."

"நம்ம மாகாணத்துல குரலை இறக்கிப் பேசுற அதிகாரி யாரும்மா இருக்கா?" என்றார் ஆளுநர். அறையே சிரித்தது. சம்னியன் அழகான கையெழுத்தில், கொக்கி போட்டு வாசகத்தை எழுதி, கீழே 'பிழை இல்லை' என்று குறித்து முதலெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாள் கோப்புக்குள் போய் உறங்கியது.

தாமரை ஏரிக் கரையில், ஒன்றரை ஆள் உயரத்துக்குத் தகட்டு எழுத்துகளால் வாசகத்தை நிறுத்துவதென்று முடிவாயிற்று. ஒப்பந்தத்துக்குக் கடும் போட்டி. மூன்று நிறுவனங்கள் மோதின. ஒன்று முதலாளி தோங்குடையது, இரண்டாவது அவர் மனைவியுடையது, மூன்றாவது காலஞ்சென்ற அவர் தகப்பனாருடையது. அப்பாவின் விலை கொஞ்சம் அதிகமாக இருந்ததால் தோங் வென்றார். இவர் துணை ஆளுநர் விசிட்டின் மனைவிக்குத் தம்பி என்பது விதிகளுக்கு உட்பட்ட தற்செயல்.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி ஒன்பது நிமிடத்துக்கு. மடாலயத்துத் தலைமைப் பிக்கு குறித்துக் கொடுத்த நேரம் என்பதால் ஒரு நிமிடம்கூட நகர்த்த முடியாது. வெள்ளிக்கிழமை வழக்கப்படி அதிகாரிகள் எல்லோரும் உள்ளூர்த் தறித்துணியில் மொடமொடவென்று வந்து நின்றார்கள். எழுத்துகள் ஊதாத் துணியால் மூடியிருந்தன. எட்டரை மணிக்கு ஏரிக் காற்று துணியின் ஒரு முனையைத் தூக்கியது. அங்கே பப்பாளிச் சாலட் இடித்து விற்கும் லமை உலக்கையை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துப் படித்தாள்.

"ஏன்க்கா, 'ஊழலுக்கு அருகில்'னு போட்டிருக்கு? வழி காட்டுற பலகையா இது?" என்று பக்கத்தில் நின்ற சம்னியனிடம் கேட்டாள்.

மாகாண அலுவலகம் அங்கிருந்து இருநூறு அடியில்தான் இருந்தது. லமை கேட்டதில் தப்பொன்றும் இல்லை. சம்னியன் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் சுழி, உச்சியில் குறி.

முதலாளி தோங்கைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. மாமா விசிட் தொலைபேசியில் 'க்ளாய்' என்று சொன்னார், எந்தக் க்ளாய் என்று கேட்டதற்கு அதேதான் என்றார் என்று விளக்கினார்.

"கொக்கி வெட்டி அடிக்க ஒரு வாரம் ஆகும்னாங்கக்கா. சுழி ஒண்ணு கைவசம் இருந்துச்சு. அதை நிறுத்தினோம். அப்புறம் எங்க ஆளு ஒருத்தன், சுழி போட்டா மேல குறி வரணும், இல்லாட்டி எழுத்துப் பிழைன்னு சொன்னான். உங்க கண்ணுல பட்டா விடுவீங்களா? அதான் பழைய அரிசிக்கடைப் பலகையில இருந்து ஒரு குறியைக் கழட்டி ஏத்தினோம். எல்லாம் உங்க மேல இருக்கிற மரியாதைதான்."

சுழியைப் போட்டுக் குறியை விட்டிருந்தால் அது எந்தச் சொல்லும் இல்லாமல் வெறும் பிழையாக நின்றிருக்கும், பார்க்கிறவர்கள் மன்னித்திருப்பார்கள். பிழை வரக் கூடாதே என்ற அக்கறையில்தான் மாகாணத்தின் மானம் போனது.

துணை ஆளுநர் விசிட் நெருக்கடியில் கலங்காதவர். குறியின் மேல் ஒரு செவ்வந்தி மாலையைப் போடச் சொன்னார். சுழியை மறைக்க நில அளவைத் துறையிலிருந்து உயரமான இருவரை நிறுத்தினார். ஒன்பது ஒன்பதுக்குப் பிக்குகள் ஓத, ஆளுநர் கயிற்றை இழுக்க, துணி விழுந்தது. ஒன்பது பதினொன்றுக்கு மாலையும் விழுந்தது. நில அளவைக்காரர்கள் மாலையை எடுக்கக் குனிந்தார்கள். அந்த நேரம் பார்த்து எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் ஆளுநர் கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கிறார், தலைக்கு மேல் 'ஊழலுக்கு அருகில்' என்று மின்னுகிறது. மத்தியானச் சோற்றுக்கு முன் அந்தப் படம் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சாயங்காலம் இன்னொரு படமும் கிளம்பியது. கோப்பிலிருந்த தாளின் அடிப்பகுதி மட்டும். வாசகத்தை வெட்டிவிட்டு, 'பிழை இல்லை' என்பதையும் சம்னியனின் முதலெழுத்தையும் யாரோ பலகைப் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்தார்கள். கடைத்தெருவில் அவரைப் பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மீன்காரி மட்டும் மரியாதையாக, "விலைப் பலகையைத் திருத்தித் தர்றீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். இருபத்தொன்பது வருடம் ஒரே நாளில் போய்விட்டது என்று அந்த அம்மாள் வீட்டுக்கு வந்து அழுதார். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. எது சொன்னாலும் அதில் இலக்கணப் பிழை வந்துவிடுமோ என்ற பயம் அவருக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு.

திங்கட்கிழமை விசிட் அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன.

"அக்கா, உங்களுக்கு எது வசதியோ அதுல கையெழுத்துப் போடலாம். நாங்க வற்புறுத்தவே இல்ல," என்றார்.

முதல் தாள், பலகையில் நேர்ந்த பிழைக்கு மொழி அலுவலரின் கவனக்குறைவே காரணம் என்று சொன்னது. அதில் கையெழுத்திட்டால் மலைமேல் இருக்கும் எல்லைப்புற வட்டாரத்துக்கு 'உதவிப் பணி'யில் அனுப்புவார்கள். அங்கே ஒரு சுகாதார நிலையமும் பனிமூட்டமும் மட்டும் உண்டு. திருத்துவதற்கு எழுத்தே கிடையாது. இரண்டாவது தாள், 'அருகில்' என்பது குழு ஆழ்ந்து சிந்தித்துத் தேர்ந்த சொல்லே என்று மொழி அலுவலர் சான்றளிப்பதாக இருந்தது. நோங்சாய் மக்கள் ஊழலைத் தொலைவிலிருந்து வெறுப்பவர்கள் அல்லர், மிக அருகில் நின்று இரவு பகலாகக் கண்காணிப்பவர்கள் என்று விளக்கமும் சேர்த்திருந்தார்கள்.

"இதை யார் எழுதினது?" என்று கேட்டார் சம்னியன்.

"நானேதான். எப்படி இருக்கு?"

"'கண்காணி'ங்கிறதுல ரெண்டு இடத்துல பிழை இருக்கு."

விசிட் பெருந்தன்மையாகச் சிரித்து, திருத்திவிட்டே கையெழுத்துப் போடலாம் என்றார். புதன்கிழமை மதிப்பீட்டுக் குழு வருகிறது, ஆளுநர் அறிக்கையைப் பலகைக்கு முன்னால் நின்று வாசிப்பார், செவ்வாய்க்கிழமைக்குள் கொடுத்தால் போதும் என்றார்.

ஒரு தாளில் செய்யாத பிழையை ஏற்க வேண்டும். இன்னொன்றில் பொய்யைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். சம்னியன் அலுவலகத்துக்குத் திரும்பப் பிடிக்காமல் ஏரிக்கரைக்கு நடந்தார். லமை உரலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நீங்க ஏன்க்கா கலங்குறீங்க? இந்தச் சுழி என்னுது," என்றாள்.

சம்னியனுக்குப் புரியவில்லை. லமை அவரைப் பலகைக்குப் பின்பக்கம் கூட்டிப்போனாள். முன்னால் தங்க நிறம் அடித்திருந்தார்கள். பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டதால், சுழி எழுத்தின் முதுகு இன்னும் பழைய சிவப்பிலேயே இருந்தது. போன வருடம் இடித்த நகராட்சியின் 'புதிய சந்தை' வாசலில் நின்ற எழுத்து அது. 'புதிய' என்ற சொல்லும் அந்த இருபதில் ஒன்று. ஒன்பது வருடம் லமையின் கடை அந்த எழுத்தின் கீழேதான் இருந்திருக்கிறது.

"இந்தா பாருங்க, கடைக் குடையோட கயிறு நழுவுதுன்னு நான் முடுக்கின திருகு. சந்தையை இடிச்ச மறுநாளே எழுத்துங்களைக் காணோம்னு நகராட்சியில புகார்கூடக் கொடுத்தாங்க. எங்க போச்சோன்னு நெனச்சேன். என் கண்ணு முன்னாலயே வந்து நிக்குது, பவுனு மாதிரி."

திருகில் நைந்த நீலக் கயிற்றின் துண்டு ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சம்னியன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் இரண்டு தட்டு பப்பாளிச் சாலட் வாங்கி, காரம் தூக்கலாகப் போடச் சொல்லிச் சாப்பிட்டார். மூன்று நாளில் அவர் வயிறாரச் சாப்பிட்டது அதுதான்.

செவ்வாய்க்கிழமை மாலை ஒட்டிய உறை ஒன்று விசிட்டின் மேசைக்கு வந்தது. 'மொழி அலுவலரின் சான்றறிக்கை' என்று மேலே எழுதியிருந்தது. சான்று என்ற சொல்லைப் பார்த்ததுமே விசிட்டுக்கு நிம்மதியாகிவிட்டது. உறையைப் பிரிக்காமல் ஆளுநருக்கு அனுப்பினார். ஆளுநர் கம்போன் எதையும் முன்கூட்டிப் படிக்காதவர். படித்தால் பேச்சில் இயல்பு போய்விடும் என்பது அவர் கொள்கை.

புதன்கிழமை தலைநகரிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். நாற்காலி, தண்ணீர்க் குப்பி, இரண்டு பிஸ்கட். ஆளுநர் பலகைக்கு முன் நின்று, தொண்டையைச் செருமி, உறையைக் கிழித்து, குரலை இறக்காமல் வாசித்தார்:

"பலகையை நேரில் ஆய்வு செய்தேன். எழுத்துப் பிழை இல்லை. பொருட்பிழையும் இல்லை. வாசகம் இந்த இடத்துக்கு முற்றிலும் பொருந்துகிறது. இதற்கான சான்று எழுத்தின் முதுகில் இருக்கிறது. இப்படிக்கு, சம்னியன்."

ஆளுநர் கைதட்டலுக்காக நிறுத்தினார். விசிட் தட்டினார். மதிப்பீட்டுக் குழுவின் தலைவி, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு சிறிய அம்மாள், நாற்காலியிலிருந்து எழுந்து நேராகப் பலகைக்குப் பின்னால் போனார். மற்ற நால்வரும் போனார்கள். பத்திரிகைக்காரர்கள் போனார்கள். நகராட்சித் தலைவர் போய்ப் பார்த்துவிட்டு, "அட, இது நம்ம சந்தை எழுத்தாச்சே," என்றார். லமை அவர்களுக்குத் திருகைக் காட்டினாள், ஒன்பது வருடக் கதையையும் சொன்னாள். அங்கிருந்தபடியே எல்லோருக்கும் சாலட் விற்றாள்.

முதலாளி தோங்குக்கு அவசர வேலை வந்துவிட, கிளம்பிவிட்டார்.

எடுத்த நடவடிக்கை விரைவானது, முன்மாதிரியானது. அன்று மாலையே விசாரணைக் குழு அமைந்தது. ஏரிக்கரைப் பலகை பற்றி ஆரம்பத்திலிருந்து எல்லாம் அறிந்தவர் என்ற தகுதியால் விசிட் அதற்குத் தலைவரானார். விசாரணை முடியும்வரை பலகை சான்றுப்பொருள் என்பதால் யாரும் அதைத் தொடக்கூடாது என்பது முதல் உத்தரவு. ஆளுநர் கம்போன் ஏப்ரலில் கடற்கரையுள்ள மாகாணத்துக்கு மாற்றலாகிப் போனார். தோங் இப்போது அங்கேதான் எழுத்துகள் செய்கிறார் என்று கேள்வி. விசாரணைக் குழு ஏழாவது கூட்டத்தை முடித்திருக்கிறது, பிஸ்கட் மூன்றாகியிருக்கிறது.

சம்னியனை மலைக்கு அனுப்பும் உத்தரவும் தயாரானது. மாகாணத்து வழக்கப்படி, பிழை பார்ப்பதற்காக அது அவர் மேசைக்கே வந்தது. பதினேழு பிழைகளுக்கு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். திருத்தி வந்ததில் பத்தொன்பது இருந்தன. இப்படியே அது மேலும் கீழும் போய்வந்துகொண்டிருக்கையில் பதினான்கு மாதம் முடிந்து, அந்த அம்மாள் தன் பெயரில் ஒரு பிழையும் இல்லாமல் வீட்டுக்குப் போனார். போகும்போது மீன்காரி கூப்பிட்டு விலைப் பலகையை நிஜமாகவே திருத்தி வாங்கிக்கொண்டாள்.

பலகை இன்றைக்கும் ஏரிக்கரையில்தான் நிற்கிறது. லமை தன் குடைக் கயிற்றைப் பழைய திருகிலேயே கட்டிக்கொண்டாள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து, சாய்ந்த கோபுரத்திலிருந்து தொடங்கி, கடைசிச் சொல்லில் குரலைச் சரியாகச் சரித்து உரக்க ஒப்பிக்கிறார்கள். நாற்பது வருட வாசகத்தில் நோங்சாய் தன்னைப் பற்றி உண்மை சொல்ல ஒரே ஒரு எழுத்துதான் குறைந்திருந்தது. அதையும் திருடித்தான் கொண்டுவந்தார்கள்.